நெருப்பு அவள் பாகம்

அந்த விமானத்தின் வால் மஞ்சளா வெள்ளையா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்ல வராது. மஞ்சள் என்றுதான் மனதில் நிற்கிறது. ஆனால் கடையில் பார்த்த அட்டைப்பெட்டியும், அவர்கள் வீட்டு மேஜையில் பார்த்த அசல் படமும் எனக்குள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. நான் அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தவன். கண்ணால் பார்த்தது கொஞ்சம். மிச்சத்தை ரொம்ப காலம் கழித்து அவளே சொன்னாள், அதுவும் நிறுத்தி நிறுத்தி. அவள் நிறுத்திய இடங்களில் நானாக எதையாவது வைத்து நிரப்பியிருந்தால் அதற்கு அவள் பொறுப்பில்லை.

அவள் ஓவியரின் மனைவி. ஓவியர் என்றால் கண்காட்சி வைத்து மாலை போட்டுக்கொள்கிற ஓவியர் இல்லை. துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் விமானங்களைச் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு, பெட்டி மூடியில் வரும் படத்தை அவர் வரைந்துகொடுத்தார். வரைவது வீட்டிலேயே. சமையலறையை ஒட்டிய அறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒரு சாய்வுப் பலகை. வலது பக்கம் அவர் நாற்காலி, இடது பக்கம் அவளுடைய முக்காலி.

கல்யாணமான புதிதில் ஒரு வேலை தலைக்குமேல் போனபோது அவர் சொன்னார்: "விமானம் நான் பாத்துக்கறேன். ஆகாசத்த நீ அடிச்சிடு. சுவருக்கு வெள்ளையடிக்கற மாதிரிதான், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல." அவள் அடித்தாள். அடுத்த படத்தில் மேகமும் அவளிடம் வந்தது. பிறகு புகை. பிறகு நெருப்பு. நெருப்பு வந்தபோது அவளுக்கே தெரிந்துவிட்டது, இது வெள்ளையடிப்பது இல்லை என்று. தெருமுனையில் குப்பை எரிந்தால் கறிகாய்ப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நெருப்பின் அடியில் நிறமே இல்லாத ஓர் இடம் இருப்பதையும், புகை கறுப்பாக ஆவதற்கு முன்னால் ஒரு கணம் பழுப்பாக இருப்பதையும் அப்படித்தான் கண்டுபிடித்தாள். கீழ்மூலையில் கையெழுத்து அவருடையது. அது அவளுக்கு வெகுகாலம் உறுத்தவில்லை. கூட்டுக்குடும்பத்தில் வாசல் பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன என்பதுபோல இருந்துவிட்டாள்.

நெருப்பு கம்பெனியின் சட்டம். முதலாளி அதை வேதம் மாதிரி சொல்வார். "உள்ள இருக்கறது சாம்பல் கலர் பிளாஸ்டிக். வெளியவாவது நாலு இடத்துல பத்தி எரியணும். இல்லன்னா எவன் கைய நீட்டுவான்?" அதனால் தபால் கொண்டுபோகிற விமானத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று எரிந்தபடி விழும். பயிருக்கு மருந்து தெளிக்கிற விமானத்துக்குக் கீழே வயல் எரியும். இன்னொரு சட்டம், விமானி முகம் தெரியவேண்டும் என்பது. தெரிய வைக்கப்போய், பூசணிக்காயைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்ததுபோல் தலைகள் உட்கார்ந்திருந்தன. எல்லாத் தலைக்கும் ஒரே பல்வரிசை. மூன்றாவது சட்டம், கம்பெனிப் பெயர் இடது பக்கம் அச்சாவதால் விமானத்தின் மூக்கு எப்போதும் வலது பக்கம் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

விமான மாதிரிகளை ஒட்டிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெரிய மனிதர்கள்தான்: பல் மருத்துவர், வங்கிக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி, இடுக்கியால் பிடித்த சக்கரங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒருமுறை ஓவியரை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். அவளையும் கூட்டிப்போனார்.

ஹாலில் அவருடைய மூடிகளை எல்லாம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். முதலில் அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் சங்கத்தின் தலைவர், தடித்த கண்ணாடி போட்ட மனிதர். "இந்தத் தலையோட இவர் உள்ள எப்படிப் போனார்? முதல்ல ஆள உக்காத்தி வச்சிட்டு அப்புறம் விமானத்த சுத்திக் கட்டினாங்களா?"

ஓவியரும் சிரித்துவைத்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த நெருப்பு இருக்கே, இது வேற. கிட்டப் போனா சுடும்போல இருக்கு. விமானம் வரையறப்ப தூங்கிட்டு, நெருப்பு வரையறப்ப மட்டும் எந்திரிச்சு உக்காருவீங்களா சார்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெருப்பு இவ போட்டது" என்று சொல்ல ஒரு வாய் மூச்சு போதும். அவர் லேசாகத் தலை குனிந்து, "ஏதோ, கை வந்தபடி" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, அவளைப் பார்க்காமல் அவர் சொன்னார்:

"அடுத்த படத்துல நெருப்பு கிடையாது. புகை, மேகம், ஒரு கண்றாவியும் கிடையாது. விமானம் மட்டும். சரியான விமானம். ஒரு தடவையாவது நான் யாருன்னு அவனுங்களுக்குக் காட்டணும்."

"ஆகாசம்?"

"நானே அடிச்சுக்கறேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்ல."

ஓய்வு என்ற சொல்லை அவள் அன்று இரவு முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது, தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் ஒரு சிறிய விமானம். ஒற்றை எஞ்சின். வழக்கமாக ஒரு வாரத்தில் முடிகிற வேலையை அவர் இரண்டு மாதம் இழுத்தார். பழைய பத்திரிகை ஒன்றில் நல்ல புகைப்படம் தேடிப்பிடித்து, அதன்மேல் மெழுகுத்தாளை வைத்து ஆணி ஆணியாக நகல் எடுத்தார். மழை நின்ற காலையில், ஈரத் தரையில் விமானம் நிற்கிறது. இறக்கையில் சாய்ந்துகொண்டு விமானி கோப்பையில் ஏதோ குடிக்கிறான். தலை அளவாக இருந்தது. பல் தெரியவில்லை. தரையின் ஈரத்தில் விமானத்தின் நிழல் லேசாகக் கலங்கியிருந்தது. அவளுடைய முக்காலிமேல் பத்திரிகைகள் கிடந்ததால் அவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். நல்ல படம். அவர் இவ்வளவு நன்றாக வரைவார் என்று அவளுக்கே தெரியாது. அதுதான் அவளுக்கு வலித்தது. இத்தனை வருஷமும் தன்னோடு சேர்ந்து வரைந்தபோது இந்தக் கை எங்கே போயிருந்தது?

முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு நெருப்பு கேட்டார். ஓவியர் முடியாது என்றார். அவர் முதலாளியிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து, ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி இரண்டு தோசைக்குப் பதில் நாலு தோசை சாப்பிட்டார்.

சில நாள் கழித்து அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்த காலை நேரத்தில், முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கக்கத்தில் படம், இன்னொரு கையில் ஒட்டிச் சேர்த்த மாதிரி விமானம்.

"அவர் இல்லியே," என்றாள்.

"தெரிஞ்சுதான் வந்தேன், தங்கச்சி." படத்தைப் பலகையில் சாய்த்தார். "பாரு. நிக்குது. பஸ் ஸ்டாண்டுல பஸ் நிக்கற மாதிரி நிக்குது. இவன் டீ குடிக்கறான். இத எவன் வாங்குவான்? டீக்கடைக்காரன்தான் வாங்குவான்."

"அவர்கிட்ட சொல்லிப் பாருங்க."

"சொல்லியாச்சு. பெரிய மேதையாயிட்டாரு. நாளைக்கு அச்சுக்குப் போகணும். நீ கொஞ்சம் போட்டுக் குடு."

"நான் என்னத்தப் போட?"

முதலாளி அவளை ஒரு பார்வை பார்த்தார். "எத்தன வருஷமா பாக்கறேன். உங்க வீட்டுக்காரர் விரல்ல ஒரு நாளாவது ஆரஞ்சுக் கலர் பாத்திருக்கேனா? இந்தா, உன் நகத்தப் பாரு."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வெளி ஆள் ஒருவர் அதைச் சொல்லி அன்றுதான் கேட்கிறாள். முதலாளி நல்ல மனிதர் இல்லை. அவருக்கு வேண்டியது விற்பனை. ஆனாலும் அந்த வார்த்தை எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தது. அவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தட்டில் ஆரஞ்சையும் மஞ்சளையும் பிதுக்கினாள். எஞ்சின் மேல் முதல் தீற்றைப் போட்டாள். அது காய்வதற்காகக் காத்திருக்கும்போதுதான், சும்மா, முதலாளி பலகையோரம் விட்டிருந்த பிளாஸ்டிக் விமானத்தைக் கையில் எடுத்தாள். மூக்கை வலது பக்கம் திருப்பிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

படத்தில் மூக்குக்குக் கீழே நீளமாக ஒரு புகைக்குழாய் இருந்தது. மாதிரியில் இல்லை. திருப்பினாள். குழாய் அந்தப் பக்கம் இருந்தது. ஏறும் படியும் அந்தப் பக்கம்தான்.

புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. பத்திரிகைப் புகைப்படத்தில் மூக்கு இடது பக்கம். கம்பெனிச் சட்டப்படி வலது பக்கம் பார்க்கவேண்டும் என்பதால், எப்போதும் செய்கிற மாதிரி மெழுகுத்தாளைக் கவிழ்த்துப்போட்டு அட்டையில் தேய்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற விமானங்களில் அது யாருக்கும் தெரியாது. இதில் எல்லாம் இடம் வலமாக மாறிப்போயிருந்தது. வாலில் இருந்த எழுத்துகளை மட்டும் நினைவாக நேராக்கியிருந்தார். சரியான விமானம் என்று இரண்டு மாதம் உயிரைக் கொடுத்த படத்தில், சங்கத்துத் தடித்த கண்ணாடி முதல் பார்வையிலேயே பிடித்துச் சிரிக்கப்போகிற தப்பு.

அவள் தூரிகையை மறுபடி எடுத்தாள். நெருப்பைக் குழாய்மேல் இழுத்தாள். படிமேல் புகையைப் படரவிட்டாள். ஒரு மணிநேரத்தில் தப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. எஞ்சின் கொழுந்துவிட்டு எரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறக்கையில் சாய்ந்தபடி, விமானி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

பெட்டி கடைக்கு வந்த அன்று ஓவியர் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். கை கழுவினார். உட்கார்ந்தார். அவள் பரிமாறப்போனபோது தட்டைத் தள்ளிவிட்டார்.

"அச்சாபீஸ்ல எவனோ போட்டுட்டான்னு முதலாளி சொல்றாரு."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"எவனோவாம். உன் நெருப்பு எனக்குத் தெரியாதா?"

உன் நெருப்பு. அத்தனை வருஷத்தில் அப்படி ஒருமுறை சொல்லிக் கேட்க அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். அது இப்படி வந்தது.

"பொறுக்கல இல்ல? நான் தனியா ஒண்ணு செஞ்சது பொறுக்கல. என் ஒரே ஒரு படம். அதுல போய்..."

"குழாய் அந்தப் பக்கம்," என்றாள்.

"என்ன?"

"புகைக்குழாய் இந்தப் பக்கம் இல்லங்க. மெழுகுத்தாள திருப்பிப் போட்டீங்க. போய்ப் பாருங்க."

அவர் உள்ளே போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அவள் மேஜையருகே நின்றபடியே இருந்தாள். சோறு ஆறிக் காய்ந்தது. வெளியே வந்தபோது அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"இதப் பாத்துட்டுதான் போட்டியா? என்னைக் காப்பாத்தவா?"

முதல் தீற்று அவள் கண்முன் வந்தது. மாதிரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே போட்ட தீற்று. அதைப் போடும்போது அவள் யாரையும் காப்பாற்றவில்லை. அவள் மனதில் இருந்தது அந்த ஹாலில் குனிந்த தலை மட்டும்தான்.

"ஆமாங்க," என்றாள்.

அவர் நம்பினார். "நல்ல வேளை," என்றார். பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், படம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தார். அவர் திட்டியிருந்தாலும் அடித்திருந்தாலும் அவள் ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருப்பாள். நன்றியோடு நடந்துகொள்கிறவரிடம் எதைச் சொல்வது? அவர் அதன்பிறகு அவளிடம் மரியாதையாகப் பேசினார், கடைக்காரரிடம் பேசுவதுபோல. அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவர் பிறகு விமானம் வரையவில்லை. ஒரு லாரிப் பட்டறையில் வண்டி எண்களும் கம்பெனிப் பெயர்களும் எழுதினார், கண் மங்கும்வரை எழுதினார், இறந்துபோய்ப் பல வருஷமாகிறது. பெட்டி மூடிகளைக் கம்பெனி மூடப்படும்வரை அவளே வரைந்தாள். விமானங்கள் முன்பைவிட மோசமாக இருந்தன. கையெழுத்து அவர் பெயரிலேயே போனது. முதலாளி பிளாஸ்டிக் வாளிகள் செய்யப் போய்ச் செழித்தார். சங்கத்துக்காரர்கள் உலகத்திலேயே படுமோசமான பெட்டிப் படம் என்று அந்த விமானத்தைத்தான் சொல்கிறார்கள். எஞ்சின் எரியும்போது டீ குடிக்கிற விமானியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். கை நடுக்கம் வந்து தூரிகை பிடிப்பதை விட்டுவிட்டாள்.