காகம் வராத கூரை

மலாயாவில் ஜாசின் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் காகத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. வெள்ளைக்காரன் அவசரகாலம் என்று சொல்லி, கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே விடாத காலத்திலும் அவை கொழுத்துத்தான் திரிந்தன. அப்படியிருக்க, ஆடி அமாவாசையன்று வீரமுத்துவின் கூரைக்கு ஒன்றுகூட வரவில்லை.

அவன் அப்பா சின்னத்தம்பி மரம் சீவப் போய் இரண்டு வருஷமாகிறது, திரும்பவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் இழுத்துப் போனார்கள் என்றார்கள் சிலர். சயாமில் இன்னொரு குடும்பம் என்று வாய் கூசாமல் சொன்னார்கள் சிலர். அம்மா சுப்பம்மாவோ நெற்றி நிறையக் குங்குமத்தோடு நடமாடினாள். "உசுரோட இருக்கிற மனுசனுக்குப் படையலா?" என்று காலையிலேயே அதட்டிவிட்டு, துணி மூட்டையோடு குழாயடிக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் அவனே சோறு வடித்து, வாழைக்காய் வறுத்து, தகரக் கூரையில் இலையை வைத்தான். காகம் எடுத்தால் அப்பா இல்லை, எடுக்காவிட்டால் இருக்கிறார். தொண்டை வறளக் கூப்பிட்டும் எறும்பு ஏறியதுதான் மிச்சம். அப்பா இருக்கிறாரா? அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. லயத்துக் காகமெல்லாம் எங்கேதான் தொலைந்தன?

குழாயடிக்குப் பின்னால் காகங்கள் கரையும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தான். வேலியோரம் அம்மா குந்தியிருந்தாள். அவிழ்ந்த மூட்டையில் சோறும், அப்பாவுக்குப் பிடித்த வெல்லக்கட்டியும். காகங்கள் அடித்துப்பிடித்துத் தின்றுகொண்டிருந்தன.

"அம்மா..."

அவள் திடுக்கிடவில்லை. "போன வருசம் போலீசு அடையாளம் காட்டன்னு பொம்பளைங்கள லோரியில ஏத்திட்டுப் போனாங்கல்ல. ஸ்டேஷன் வாசல்ல, கம்யூனிஸ்டுன்னு நாலு பேரச் சுட்டுக் கெடத்தியிருந்தாங்க. ரெண்டாவது உங்கப்பாரு."

"நீ சொல்லவே இல்லையேம்மா."

"யாருன்னு தெரியாதுன்னுட்டேன். தெரியும்னா கம்யூனிஸ்டு குடும்பம்னு உன்னையும் புடிச்சு இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்தியிருப்பான். நெத்திப் பொட்ட அழிச்சிருந்தாலும் தெரிஞ்சுபோயிருக்கும்."

அந்தக் குங்குமத்தைப் பார்த்து அவன் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறான். இப்போது நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்த் தன் இலையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான். கூப்பிட வாயைத் திறந்தான்.

"மெதுவாடா. காவக்காரன் காதுல விழும்," என்றாள் சுப்பம்மா. "நான் உதட்டுக்குள்ளதான் கூப்பிடுவேன்."

அவனும் சத்தம் வராமல் அப்பாவைக் கூப்பிட்டான்.