முன்வரிசை வீடு

கீழ்வானம் வெளுக்க, கரும்பாறையில் அலை மோதி நுரை சிதற, கட்டுத்தறியில் நிற்கும் மாடுகளெனப் படகுகள் தலையசைக்க, அவற்றை நோக்கி முன்னும் பின்னுமாய் நிற்கும் இரு வரிசை வீடுகளே எங்கள் துறை. முன்வரிசைக்குக் கடற்காற்று, பின்வரிசைக்குப் புகையும் கழிவுநீரும். துடுப்புப் பிடிக்கும் கையுள்ள வீடே முன்னே நிற்கலாம் என்பது முன்னோர் வகுத்த முறையாம். கற்றறிந்தோரே, நான் அதை நம்பவில்லை. வலுத்தவன் வாயில் பிறந்ததெல்லாம் முறைதான்.

அம்முறையைக் கண்ணிமைபோல் காத்தவன் செம்பட்டை என்னும் படகோட்டி. வலை பின்னுகிறவள் ஒருத்தி கணவனைக் கடலுக்குக் கொடுத்துக் கண்ணீர் உலருமுன்னே, அவள் அடுப்புக்கல்லைப் பெயர்த்துத் தன் தோளிலேயே சுமந்துபோய்ப் பின்வரிசையில் போட்டவன் அவன்.

"கண்ணுல ஈரம் காயிற வரைக்கும் பொறுக்கக் கூடாதாப்பா?" என்றாள் அவள்.

"கடல் பொறுத்துச்சாக்கா?" என்றான். துறையே நகைத்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவன் படகும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. "அவரு உசுரோடதான் இருக்காரு, வருவாரு" என்று வாசற்படியில் குறுக்கே கிடந்த அவன் மனைவியைப் பாயைச் சுருட்டி எறிவதுபோல் அகற்றிவிட்டு, மகனுக்கு மணம் முடித்து இடமின்றி நெருங்கிக் கிடந்த அவன் அண்ணனே தன் துடுப்பை அவ்வாசலில் சார்த்தி வீட்டைத் தனதாக்கினான்.

பனிக்காலத்தில் செம்பட்டை வந்தான். வேற்றுக்கரை மீனவர் எடுத்துக் காத்த உயிர். வலக்கை மட்டும் தோளோடு போயிருந்தது.

"அண்ணே, நான் சாகல. வழி விடு."

"சந்தோஷம்டா தம்பி. எங்க, கையக் காட்டு."

"இடக்கை இருக்கேண்ணே!"

"ஒத்தைக் கையால துடுப்புப் போட்டா படகு வட்டந்தான் அடிக்கும். போ, பின்னாடி போயி வட்டம் அடி."

துறை அன்றும் நகைத்தது, அதே வாய்கள்தாம்.

பின்வரிசையில், தான் முன்பு கொண்டுபோய்ப் போட்ட அடுப்புக்கல்லுக்கு எதிரே, உடைந்த பலகைகளைச் சாய்த்து அதனுள் ஒண்டியிருந்த மனைவியைக் கண்டு அவன் நின்றான். வலைக்காரி பின்னலிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"வாப்பா. இங்க காத்து வராது. எந்த ஈரமும் காயாது. பழகிடும்."

வினை விதைத்தவன் வினை அறுத்தான், அறம் வென்றது என்று எழுதுவோர் எழுதட்டும். அறம் வென்றிருந்தால் ஒரு வீடேனும் முன்னே திரும்பியிருக்கும். பின்னே போனவைதாம் இரண்டாயின.