ஞாயிற்றுக்கிழமை நோலிக்கு

வலது கையைக் கோட்டுக்குள் நுழைத்தாயிற்று. இடது கைதான் மடங்கவில்லை. ஓர்னெல்லா கணவனின் முழங்கையைப் பிடித்து மெல்ல வளைத்தாள். குவால்த்தியேரோ பல்லைக் கடித்துக்கொண்டான்.

"விடு ஓர்னெல்லா, சட்டையோடயே வரேன். கடலுக்குத்தானே போறோம், கல்யாணத்துக்கா?"

"பேசாம இரு."

தூரினிலிருந்து நோலிக்குக் காரில் இரண்டு மணி நேரம். கல்யாணமான புதிதில் கோடைதோறும் போன கடற்கரை ஊர். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவன் வாயில் அந்த ஊர்ப் பேச்சுதான். "வழியிலேயே முடிஞ்சிடலாம்மா" என்ற மருத்துவரிடம், "இங்க படுத்திருந்தா முடியாதா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவன் தம்பி துல்லியோ கார்ச்சாவியோடு வந்து நின்றான்.

"லிஃப்ட் ஓடலை."

"நாற்காலியோட தூக்கு. நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன்."

"மூணு மாடி!"

"தூக்குன்னா தூக்கு."

படியில் இறங்கும்போதே அண்ணன் தம்பிக்கு வழித்தகராறு.

"சவோனா வரைக்கும் பெரிய ரோட்லயே போயிடலாம்ணா."

"மடையா, ஞாயித்துக்கிழமை ஊரே அங்கதான் நிக்கும். மலை வழியா விடு."

"வளைவுல உனக்கு வாந்தி வரும்."

"வந்தா வரட்டும். மதியம் வறுத்த நெத்திலி, ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின். அப்புறம் தண்ணியில காலை…"

படித் திருப்பத்தில் குவால்த்தியேரோவின் தலை ஓர்னெல்லாவின் மார்பில் சாய்ந்தது. அவள் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. காத்திருந்தாள். திரும்ப வரவில்லை. கீழ்ப்படியில் நின்ற துல்லியோ அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நிக்காதே," என்றாள். "இறங்கு."

"ஓர்னெல்லா…"

"கை வலிக்குது. இறங்கு துல்லியோ."

இறங்கினார்கள். காரின் முன் இருக்கையில் அவனை உட்கார்த்தி பெல்ட்டை மாட்டினாள். தலை சரியாமல் இருக்கத் தன் சால்வையைச் சுருட்டிக் கழுத்தோரம் செருகினாள். பின்னால் ஏறி அவன் தோள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். துல்லியோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டான்.

"ஓட்டு துல்லியோ. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன், கொஞ்ச தூரமாவது ஓட்டு."

துல்லியோவின் முதுகு குலுங்கியது.

முதல் மாடி பியெரினா பால்கனியில் மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் எட்டிக் குனிந்தாள்.

"கிளம்பியாச்சா? எனக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க!"

ஓர்னெல்லா கண்ணாடியை இறக்கி, ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.