டெக்லனைக் கடலுக்குக் கூட்டிப்போன மதியம்

கோவ் துறைமுகத்தில் கப்பலைக் கட்டியதும் பயணிகள் குடையும் கேமராவுமாகத் தேவாலயத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் ஃபின்பார் கடைசியாக இறங்கினான். அவன் பிறந்து வளர்ந்த ஊர். பதினாறு வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

'டெக்லனைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பார்க்க நினைத்தது டெக்லனின் மனைவி நோரீனை. டெக்லனும் அவனும் ஒரே படகில் துடுப்புப் போட்டவர்கள், ஒரே பெண்ணை ஆசைப்பட்டவர்கள். டெக்லன் வாய்திறந்து கேட்டான். இவன் கேட்கவில்லை. அவர்கள் கல்யாணம் முடிந்த வாரமே கப்பலேறிவிட்டான்.

செங்குத்தான தெருவில் மூச்சுவாங்க ஏறிக் கதவைத் தட்டினான். நோரீன்தான் திறந்தாள். கையெல்லாம் மாவு. தலை பாதி நரைத்திருந்தது.

"அடப்பாவி! நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சோம்."

"மெக்சிகோ பக்கம் இருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள வா, சாரல் அடிக்குது."

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் டெக்லன் இருந்தான். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது.

"ஏன்டா... இப்படி ஊதிட்ட?"

"கப்பல் சாப்பாடுடா. நீ ஏன் எந்திரிக்காம உட்கார்ந்திருக்க, சோம்பேறி?"

டெக்லனின் பாதி முகம் சிரித்தது.

அடுப்படியில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி நோரீன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன கோடையிலிருந்து கீழ இறங்கவே இல்ல. இந்த இறக்கத்துல நாற்காலியை என்னால பிடிக்க முடியல. ஜன்னல்ல கடல் தெரியுதேன்னா, தெரிஞ்சு என்ன, தொடணும்கிறான்."

ஃபின்பார் வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சை அப்படியே விட்டுவிட்டான். "கயிறு இருக்கா?" என்று கேட்டான்.

நாற்காலியின் பின்னால் கயிற்றைக் கட்டி, அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து இறங்கினான். நோரீன் முன்னால் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கிழவி வாசலிலிருந்து கத்தினாள். "என்ன ஃபின்பார், கப்பல்ல துரத்திட்டாங்களா? வண்டியோட்ட வந்துட்ட!"

பழைய படகுத்துறையின் சரிவு தண்ணீருக்குள் இறங்கியது. அங்கிருந்த இரும்பு வளையத்தில் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு, டெக்லனின் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். ஓர் அலை வந்து அந்த வெளுத்த பாதங்களை மூடியது. டெக்லன் குளிர் தாங்காமல் ஒரு கெட்ட வார்த்தையைத் துளிகூடக் குழறாமல் சொன்னான். நோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்தெந்தக் கடலிலோ தூக்கம் வராதபோது ஃபின்பார் நினைத்துக்கொண்ட அதே சிரிப்பு. திரும்பிப் பார்த்தபோது டெக்லன் அழுதுகொண்டிருந்தான்.

மேலே ஏற்றி முடிப்பதற்குள் ஃபின்பாரின் உள்ளங்கை கன்றிவிட்டது. டெக்லன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். நோரீன் வாசல்வரை வந்தாள்.

"நீ ஏன் அப்பவே என்கிட்ட கேக்கல?"

அவளுக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. "கேட்டிருந்தா?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "டெக்லனைத்தான் கட்டியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்கணும்பா."

அவன் தலையாட்டினான். அவள் அவன் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

கப்பல் புறப்படும்போது கோவ்காரர்கள் வாசலுக்கு வந்து கையசைப்பது வழக்கம். அந்த நேரத்தில் அவன் நீர்மட்டத்துக்குக் கீழே, எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தான். அங்கே ஜன்னல் கிடையாது. அவள் வெளியே வந்திருப்பாளா என்று பிரான்ஸ் கரை சேரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தான்.