கடுகுப் பழம்

இப்படி ஒன்றை ஒருத்தி சும்மா செய்து கொடுக்கமாட்டாள். போத்தலை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி ரோகிணி அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். கடையில் வாங்கியது என்றால் பரவாயில்லை. வேலைக்கு வந்த மனிதனுக்கு ஒரு கோப்பி கொடுக்கலாம், மிஞ்சிய கேக்கில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிக் கொடுக்கலாம். இது அப்படியானது அல்ல. தோல் சீவிய சின்னப் பேரிக்காய்கள், பாதியாய்ப் பிளந்த அத்திப்பழங்கள், மெல்லிய ஆரஞ்சுநிறத் தோடம்பழ வட்டங்கள், காம்பு நீக்காத செரிகள் எல்லாம் தெளிந்த சீனிப்பாகுக்குள் ஒன்றையொன்று நெரிக்காமல் நின்றன. எது எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று ஒருத்தி யோசித்து வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்தால் முதலில் தேன் போல ஒரு வாசம் வந்தது. அதற்குப் பின்னால், எச்சரிக்கை இல்லாமல், மூக்கின் உள்ளே ஊசி ஏற்றியது போல ஒரு குத்து.

மொஸ்டார்டா என்று பெயராம். இத்தாலியர் இறைச்சியோடும் சீஸோடும் தொட்டுச் சாப்பிடுவது. பழத்தில் சீனியும் கடுகும்.

கார்லா என்ற பெண் செய்து கொடுத்த மூன்றாவது போத்தல் இது. அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா காஸ் வேலை செய்பவர். வீடுவீடாகப் போய் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துவார், காஸ் அடுப்புப் பூட்டுவார். இலையுதிர் காலத் தொடக்கத்தில் வூட்பிறிட்ஜில் ஒரு வீட்டுக்கு ஃபேர்னஸ் பார்க்கப் போனவர் முதல் போத்தலோடு வந்தார். “ஆர் தந்தது?” என்று கேட்டபோது “வயசு போன மனிசி ஒண்டு” என்றார். எத்தனை வயது என்று ரோகிணி கேட்டாள். “அறுபது இருக்கும்.” ரோகிணிக்கு ஐம்பத்தாறு. அறுபது என்பது வயசு போனதில் சேராது என்பது அவளுக்குத் தெரியும்.

அதைவிட அவளை உறுத்தியது அவர் அதைச் சாப்பிட்ட விதம். இனிப்புக் கறி என்றால் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிதர், இப்போது புட்டோடும் அதைத்தான் சாப்பிட்டார், இடியப்பத்தோடும் அதைத்தான் சாப்பிட்டார். ஒரு துண்டைக் கடித்ததும் கண் கலங்கும், மூக்கு சிவக்கும், பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கலியாணமான புதிதில் கூட அவள் சமையலுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததாக நினைவில்லை. அவளுடைய குழம்புக்கு அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான். “நல்ல வாசம்.” தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

“நானே செய்யிறன்,” என்றாள் ஒருநாள். “இனி அங்க வாங்காதேங்கோ.”

“உமக்கேன் வீண்வேலை?”

“அவவுக்கு வீண்வேலை இல்லையோ?”

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகளை மட்டும் காட்டுகிற ஒரு இத்தாலிய வீடியோவைப் பார்த்து அவள் தொடங்கினாள். மொழி விளங்கவில்லை, கைகள் விளங்கின. பழங்களைச் சீனியில் புரட்டி இரவு முழுக்க மூடி வைக்கவேண்டும். காலையில் ஊறிய தண்ணீரை மட்டும் வடித்து, காய்ச்சி, சூட்டோடு பழத்தின் மேல் திரும்ப ஊற்றவேண்டும். அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். பழம் தன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் சீனியை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு ஒரே நாளில் காய்ச்சினால் பழம் சுருங்கிப்போகும். அடுப்படியில் நின்று வடிக்கும்போதெல்லாம் ரோகிணிக்கு வூட்பிறிட்ஜில் ஒரு குசினி தெரிந்தது. அந்தப் பெண்ணும் காலையில் எழும்பி இப்படித்தான் நின்றிருப்பாள், கை பிசுபிசுக்க, ஒரு வாரம் முழுக்க ஒருவரை நினைத்துக்கொண்டு. அவளுடைய விரல்களில் மோதிரம் இருக்குமா? ரோகிணி மனதுக்குள் அந்தக் கைகளுக்கு நகப்பூச்சுப் போட்டுப் பார்த்தாள், பிறகு அழித்தாள்.

கடைசியில் வீடியோக்காரி ஒரு சின்னக் குப்பியிலிருந்து கடுகுச் சாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவள் இருக்கும் ஸ்காபரோ முழுக்கத் தேடியும் அந்தக் குப்பி கிடைக்கவில்லை. கடுகுதானே என்று நினைத்தாள் ரோகிணி. எத்தனை வருஷமாகக் கடுகோடு சீவிக்கிறாள். தாச்சியில் எண்ணெய் விட்டு, காய்ந்ததும் கடுகைப் போட்டு, அது வெடித்து அடங்கியதும் சுடச்சுட அப்படியே பாகின் மேல் கொட்டினாள். வீடு முழுக்க மணம் எழும்பியது. மேல்மாடி வரை போயிருக்கும், திரைச்சீலையில் ஏறியிருக்கும்.

அன்றைக்கு அவர் வந்து, சப்பாத்தைக் கழற்றி, நேரே குசினிக்குள் வந்து, தாச்சிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். “நல்ல வாசம். இண்டைக்கு மீனோ?”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். ஆனால் முகத்தில் பகிடி இல்லை. பழத்தில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். மென்றார், காத்திருந்தார், பிறகு ஏமாந்துபோனவராகக் கரண்டியை வைத்தார்.

“சீனித் தண்ணி மாதிரிக் கிடக்கு.”

அவள் தானும் ஒரு துண்டைக் கடித்தாள். கடுகின் பொரிந்த கசப்பு நாக்கில் நன்றாகவே இருந்தது. அந்தக் குத்து மட்டும் இல்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து ரவுன்ஹவுஸில் இருக்கும் உம்மு ஹானி பேருவளைக்காரி. ரோகிணி கொண்டுபோய்க் காட்டிய கிண்ணத்தை முகர்ந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். “என்ன பிள்ள செஞ்சீங்க? சூடு காட்டினா கடுகுட உறைப்பெல்லாம் பெய்த்திடுமே. பச்சயா அரச்சி, பச்சத் தண்ணியில கொழச்சி, மூடி வைங்க. என்ட ஈச்சம்பழ அச்சாறு அப்பிடித்தானே. பொறகு ஆறின பாகில போடுங்க.” கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணைச் சிமிட்டினாள். “மாப்பிள்ளக்கு இந்த வயசிலயும் இவ்வளவு பாடு படுறீங்க. என்ட மனுசனுக்கு நான் முட்டையே அவிச்சிக் குடுக்கிறல்ல.”

இரண்டாவது முறை ரோகிணி அப்படியே செய்தாள். குழைத்த கடுகின் மூடியைத் திறந்தபோது தலையைப் பின்னுக்கு இழுக்கவேண்டியிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா ஒரு துண்டை வாயில் போட்டார். தும்மினார், கண்ணீர் வழிந்தது, மேசையில் கையால் அடித்தார்.

“இதுதான்! இதுதானப்பா!”

“பேரிக்காய் நல்லமோ, அத்திப்பழம் நல்லமோ?”

“உதெல்லாம் ஆருக்குத் தெரியும்,” என்றார் சிரித்தபடி. சொன்ன பிறகு ஒரு கணம் சிரிப்பு நின்றது. மூக்கைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு கணத்தை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அதுவரை கார்லாவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சந்தேகம் மெதுவாக வீட்டுக்குள் திரும்பியது. தாச்சிக்குப் பக்கத்தில் நின்று மீனோ என்று கேட்டவர். போன மாதம் கெட்டுப்போன பாலைக் கோப்பியில் விட்டுக் குடித்தவர். குழம்பு வைக்காத நாளிலும், வெறும் பாண் வைத்த நாளிலும், வாசலிலேயே “நல்ல வாசம்” என்று சொன்னவர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்றாவது முறைக்குப் பழம் சீவுகிறேன் என்று சொல்லி, அவள் சட்டியில் சீனியைப் போட்டு அடுப்பைக் கூட்டிவிட்டு, ஹோலில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் தொலைக்காட்சியில் பனிப்புயல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சீனி முதலில் உருகுகிற வாசம் வந்தது, பிறகு பொன்னிறமாகிற வாசம். பிறகு கருகத் தொடங்கியது. அவளுக்குத் தொண்டை கரகரத்தது. அவர் வானிலைக்காரன் சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டினார். அவருடைய மூக்கையே பார்த்தபடி, எழும்பு, எழும்பு என்று அவள் மனதுக்குள் சொன்னாள். வாழ்க்கையில் எதற்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. மேலே புகை அலாரம் அலறிய பிறகுதான் அவர் துள்ளி எழுந்தார்.

அவள் சட்டியைப் பின்கதவால் பனிக்குள் வைத்துவிட்டு வந்தாள். அவர் கதிரையில் ஏறி அலாரத்துக்குத் துவாயால் விசிறிக்கொண்டிருந்தார்.

“மணக்கேல்லையோ உங்களுக்கு?”

“தடிமனப்பா, மூக்கடைச்சுக் கிடக்கு.”

“எப்ப தொடக்கம் தடிமன்?”

அவர் கதிரையிலிருந்து இறங்கவில்லை. அலாரம் நின்ற பிறகும் துவாயைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பிறகு சொன்னார், முந்தின பனிக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து ஒன்றுமே மணப்பதில்லை என்று. வரும் வரும் என்று பார்த்தாராம். கொம்பனியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் வீடுகளுக்கு அனுப்பமாட்டார்கள்.

“கார்லாவுக்குத் தெரியுமோ?”

“முதல் நாளே கண்டிட்டுது மனிசி. காஸ் மணக்குது எண்டு சொல்லிச்சு. நான் சும்மா, இல்லை எண்டிட்டன். பிறகு காஸ் கசிவு பிடிக்கிற மெஷினைக் கிட்டப் பிடிச்சா அது கத்துது. மனிசி ஒண்டும் கேக்கேல்ல. உள்ள போய் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து மூக்குக்குக் கிட்டப் பிடிச்சது. அவவின்ர புருஷனுக்கும் கடைசிக் காலத்தில இப்பிடித்தானாம். இது மட்டும் ஏறுமாம்.” அவர் தன் மூக்குத் தண்டைத் தொட்டார். “ஏறினதப்பா. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.”

கார்லாவோடு வேறு மாதிரி ஒன்றாக இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று ரோகிணிக்குத் தோன்றியது. அதற்கு அழலாம், கத்தலாம், அவருடைய தங்கச்சிக்கு ரெலிபோன் எடுக்கலாம். ஆனால் இந்த மனிதர் அந்நிய வீட்டில் எதையும் ஒளிக்கவில்லை, இந்த வீட்டில்தான் ஒளித்திருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும், தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே. அவள் புதிதாக வாங்கிய சவர்க்காரம் நல்லாயிருக்கு என்று அவர் கழுத்தருகே சொன்னது எந்தப் பனிக்காலம்? காய்ச்சலுக்கு முன்பா, பின்பா? அவளால் நினைவில் பிரித்தெடுக்க முடியவில்லை. இனி அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கும்.

அவர் அருகில் வந்து உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

“சனிக்கிழமை அபிஷன் வீட்டுக்குப் போகவேணும். வீட்டுக்குக் கீழ பேஸ்மன்றில ரெண்டாம் குசினி போடுறான், காஸ் லைன் இழுக்கவேணும். நீரும் வாரும்.”

அபிஷன் அவருடைய அக்காவின் மகன். ஒஷாவாவில் புது வீடு வாங்கியிருக்கிறான், பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

“நான் வந்து?”

“பிள்ளையைப் பாக்க வந்த மாதிரி வாரும். நான் பூட்டி முடிய கீழ வந்து ஒருக்கா மணந்து பாத்துச் சொன்னாப் போதும். ஒருத்தருக்கும் தெரியாது.”

“மெஷின் இருக்குத்தானே உங்களிட்ட.”

அவர் கைகளைப் பார்த்தார். “முந்தி மூக்குச் சொல்லும், மெஷின் ஓம் எண்டு சொல்லும். இப்ப மெஷின் மட்டும். சிலநேரம் றோட்டில பாதி வழியில வான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்த் திரும்பவும் பாக்கிறனான்.”

அவருடைய கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. பிடித்தாள். அதுதான் பிழை. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் இலேசாக நடந்தார். வாசலில் “நல்ல வாசம்” சொல்லவில்லை. “என்னப்பா இண்டைக்கு?” என்று கேட்டார், அவள் சொன்னதும் நம்பினார். அதில் ஒரு இனிமை இருந்தது என்பதை ரோகிணி மறுக்கவில்லை. அவருடைய மூக்காக இருப்பது. சனிக்கிழமைகளில் வானில் முன் ஆசனத்தில் அவருக்குப் பக்கத்தில் போவது. அபிஷன் வீட்டுக்குப் பிறகு இன்னொரு வீடு, அதற்குப் பிறகு இன்னொன்று. அவளுக்குத் தடிமன் வந்தால்? அவள் போகாத வெள்ளிக்கிழமைகளில், செவ்வாய்க்கிழமைகளில், அவர் தனியே இறங்கிப் போகிற பேஸ்மன்றுகளில் என்ன நடக்கிறது? கீழே அவள் தலையாட்டினால் மேலே ஒரு குழந்தை நித்திரை கொள்ளும். அவளை நம்பி அல்ல, மாமாவை நம்பி. மாமா வேலையில் கெட்டிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லும்.

சனிக்கிழமை காலை வானில் குழாய்களை ஏற்றிவிட்டு அவர் உள்ளே வந்தார். ஜாக்கெட்டில் பனித்தூள் ஒட்டியிருந்தது. பிள்ளைக்கென்று வாங்கிய சட்டை பையோடு கதவடியில் இருந்தது. ரோகிணி வீட்டுச் சட்டையோடு நின்றாள்.

“வெளிக்கிடேல்லையோ?”

அவள் பதில் சொல்வதற்குள் மேசையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. அபிஷன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமி, குட் மோர்னிங்! நீங்களும் வாறீங்கள் எண்டு மாமா டெக்ஸ்ட் பண்ணினவர். சூப்பர்! பேபி இப்பத்தான் நித்திரை, வரக்கிடையில எழும்பிடுவா. லஞ்ச் இஞ்சதான், ஓகேயா?”

ஸ்ரீஸ்கந்தராசா கதவடியிலிருந்து தலையை ஆட்டினார். சொல்லும் என்பது போல. பிறகு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். வாறம் எண்டு சொல்லும்.

“நான் வரேல்லையப்பு,” என்றாள் ரோகிணி.

“ஐயோ, ஏன் மாமி? சுகமில்லையோ?”

“சுகமாத்தான் இருக்கிறன்.”

“அப்ப மாமா வாறார்தானே?”

போனை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்துபோய், கையை நீட்டினாள். அவர் எடுக்கவில்லை. அவள் இழுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள்ளிருந்து அபிஷன் “ஹலோ? மாமா? கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், எங்கேயோ மேல்மாடியில், குழந்தை விழித்து அழத் தொடங்கியது.