ஜாலி சாரின் குரல்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அந்த வாத்தியாருக்கு டுடோரியலில் ஜாலி சார் என்று பெயர். அன்றைக்குப் பார்த்துப் பாடத்தில் வந்து தொலைத்த சொல் ‘ஜாக்குலர்’. விதிக்கும் சில நாள் வெட்கம் கெட்டுப்போய்விடுகிறது.

“வேடிக்கையான, கேலியாப் பேசுறன்னு அர்த்தம். பெயரடை. பெயருக்கு முன்னாடி வரும், ‘ஜாக்குலர் மேன்’. ‘இஸ்’ஸுக்கு அப்புறமும் வரும், ‘ஹி இஸ் ஜாக்குலர்’,” என்று பலகையில் எழுதினார். “‘ஜாக்குலர் டோன்’னா, குரல்தான் விளையாட்டு. சொல்ற விஷயமும் விளையாட்டா இருக்கணும்னு கட்டாயமில்ல.”

“சார் இஸ் ஜாக்குலர்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் உதாரணம் கொடுத்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

“நாளைக்கு வகுப்பு கிடையாது. வீட்டுல உடம்பு சரியில்ல,” என்றார். வந்தது என்னவோ வழக்கமான குரல்தான். கடைசியில் லேசாக இழுத்து மேலே தூக்கும். எல்லோரும் முகத்தை மலர்த்திக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். அவர் மார்க்கரை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இனி மருந்து வேலை செய்யாது, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் காலையில்தான் கையை விரித்திருந்தார். மனைவியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பாவி மனுஷன், எந்தக் குரலில் சொல்லப்போகிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா?

வார்டில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லையாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவருக்கும் என்னைப் பார்த்து அலுத்துப்போச்சா? போதும், உண்மையைச் சொல்லுங்க.”

“உண்மையைத்தாம்மா சொல்றேன்.”

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு புளுகுக்கும் இதே வரியைத்தான் முத்திரையாகக் குத்தியிருக்கிறார். அவள் வலிக்கிற விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குத் தன் தொண்டையையே பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

வெளியூரில் இருக்கும் மகளை ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “உங்கப்பா அடிக்கிற கூத்தைக் கேளுடி. சொல்லுங்க, அதையே மறுபடியும் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரலைத் தாழ்த்திப் பார்த்தார். “அம்மாவுக்கு இனிமே வைத்தியம் இல்லையாம் பாப்பா.” பாழாய்ப்போன குரல், கடைசியில் போய் மேலே தூக்கிக்கொண்டது. கண்ணுக்கு மட்டும் அந்த வித்தை தெரியவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

“அப்பா, ஆஸ்பத்திரியிலயும் உங்க வேலையைக் காட்டணுமா!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டிலில் இருந்தவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவர் ஃபோனை வாங்கக் கையை நீட்டினார். அவள் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் சிரிக்கட்டும் விடுங்க,” என்றாள்.