ஒரே தடத்தில் இரண்டு குரல்

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, மாடியிலிருந்த ஒலிப்பதிவு அறைக்குள் இரண்டு குரலோடு போன ஒரு கணவனும் மனைவியும் ஒரே குரலோடு வெளியே வந்தார்கள். பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவதுதான் இருவருக்கும் தொழில். கேள்வி கணவன், பதில் மனைவி. விவாகரத்து மனு போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தாலும், ஒத்துக்கொண்ட வேலையை முடித்துக்கொடுக்க வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மைக் வேண்டுமென்றார்கள். ஒரே மைக் முன்னால் தோளுரச உட்கார முடியாதாம்.

தப்பு அந்த அறையை நடத்தும் பதிவுக்காரியுடையது. அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒரு மைக்கைத்தான் கண்டுகொள்ளும். அதனால் மென்பொருளுக்குள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே மைக்தான் என்று அதை நம்பவைத்தாள். அதுவரை சரி. ஆளுக்கொரு தடம், அதாவது தனி டிராக், என்று குறிக்க வேண்டிய இடத்தில் குறிக்க மறந்துவிட்டாள். இரண்டு குரலும் ஒரே தடத்தில் விழுந்தன. மாவில் கலந்த உப்பை யார் பொறுக்குவது?

அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன. பேருந்தில் மனைவி தனியாகப் போய் ஒரு டிக்கெட் கேட்டால் நடத்துனர் இரண்டு கிழித்தார். வீட்டில் சண்டை போடுவதுதான் பெரும்பாடு. "எல்லாத் தப்பும் உங்க மேலதான்!" என்று அவள் கத்தினால், கணவனும் சேர்ந்து அவளைத் திட்டுவதுபோலக் கேட்டது. பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும், பாவம், கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? நீதிமன்றத்தில் தனித்தனியாகச் சம்மதம் சொல்லச் சொன்னார்கள். அதுதான் முடியவில்லையே! நீதிபதி மனுவை ஒத்திவைத்தார்.

பதிவுக்காரிக்கு மனசு ஆறவில்லை. ஒரு குடும்பத்தின் வழக்கையே முடக்கிவிட்டோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். இது எப்படித்தான் நடந்தது என்ற குறுகுறுப்பு அதைவிடப் பெரிது. பக்கத்துக் கடைத் தையல்காரரை உட்காரவைத்துத் தன் குரலோடு அதேமாதிரி கட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தையல்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இரண்டு வருடம் தேடி அலைந்து, கலந்த குரல்களைப் பிரிக்கும் மென்பொருள் ஒன்றைப் பிடித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவை எடுத்துச் சோதித்தாள். கேள்வி தனியாகவும் பதில் தனியாகவும் வந்தன. உடனே இருவரையும் வரச்சொன்னாள்.

"இந்தப் பட்டனை அழுத்தினா போதும்ங்க. அப்புறம் கோர்ட்டுல அவங்கவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கலாம்."

மனைவி கணவனைப் பார்த்தாள். "அப்ப நான் தனியா இருக்கும்போது பேசினா, என் குரல் மட்டும்தான் கேக்குமா?"

"ஆமாங்க."

பதிவுக்காரி திரையைப் பார்த்துக்கொண்டு பட்டன்மேல் விரலை வைத்திருந்தாள்.

"வேணாம்மா. விட்டுடுங்க."

சொன்னது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்குகளைக் கழற்றிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.